அடிமைச் சட்டம் ஒழிந்தது. கடன் சங்கிலி ஒழியவில்லை



முற்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் தரகர்கள் இன்னும் நமது லயங்களுக்கு வருகிறார்கள். எந்த வீட்டில் சாவுச் செலவு, எந்த வீட்டில் நகை அடகு என்று அறிந்துகொண்டே வருகிறார்கள். "யாழ்ப்பாணத்தில் நல்ல வீடு, சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்ப்பார்கள்" என்கிறார்கள். கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் இதே பேச்சுத்தான். இது குடும்ப விஷயம் என்று நாம் ஒதுங்கக் கூடாது. இது சங்கத்தின் விஷயம்.

யாழ்ப்பாணத்தின் வரலாற்றையே பார்ப்போம். 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமையில் அடிமைகளுக்கென்று ஒரு பகுதியே இருந்தது. கோவியர், நளவர், பள்ளர் சமூகங்களில் பலர் எசமானின் சொத்தாகக் கணக்கிடப்பட்டார்கள். 1821இல் ஆங்கிலேய அரசு, இச்சமூகங்களின் அடிமைத் தாய்மாருக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை எசமானுக்குப் பணம் கொடுத்து விடுவித்தது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இலங்கை முழுவதும் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் சட்டம் காணி கொடுக்கவில்லை. விடுதலையான பலர் பழைய எசமானின் நிலத்திலேயே பிழைக்க வேண்டியிருந்தது.

அதே காலத்தில்தான் நமது முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். அவர்களை யாரும் அடிமை என்று எழுதவில்லை. ஆனால் வந்த வழிச்செலவே கங்காணியின் கணக்கில் கடனாக ஏறியது. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டவருக்குச் சிறை. வேறு தோட்டம் போக, கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். கடனோடு ஆளும் கைமாறினார். அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது.

இன்று சட்டம் நமது பக்கம் இருக்கிறது. கட்டாய வேலைக்கு எதிரான சர்வதேச தொழில் அமைப்பின் 29ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1950இலும், 105ஆம் இலக்கச் சமவாயத்தை 2003இலும் ஏற்றது. 2006இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவைப்படி, கடனுக்காக ஆளை அடிமைப்படுத்துவதும், கட்டாய வேலை வாங்குவதும், ஆட்கடத்தலும் குற்றம். 20 ஆண்டு வரை சிறை உண்டு. ஆட்கடத்தலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை 2015இல் அரசு உறுதிப்படுத்தியது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் 16 ஆக்கப்பட்டது.

இருந்தும் முறைப்பாடு செய்யப் பலர் தயங்குகிறார்கள். "பணம் வாங்கிவிட்டோமே, சொன்ன சொல் காக்க வேண்டாமா?" என்கிறார்கள். வாங்கிய பணத்துக்கு வழக்குப் போடலாம். ஆளை மறித்து வைக்க முடியாது. அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ பிடுங்கி வைப்பதும், சம்பளத்தை நிறுத்தி வைப்பதும், வீட்டோடு பேச விடாததும் கட்டாய வேலையின் அடையாளங்கள்.

பிள்ளையை அனுப்பிய தாயைக் குறை சொல்லிப் பயனில்லை. நாட்சம்பளம் அடுப்புக்குப் போதாத வரை தரகர் வந்துகொண்டே இருப்பார். ஆகவே சம்பளப் போராட்டமும் அடிமைத்தனத்துக்கு எதிரான போராட்டமே.

அதோடு, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வைக்க வேண்டும். வெளியே போனவர் யார், எந்த முகவரி, அழைத்துப் போனவர் யார், பேசிய சம்பளம் எவ்வளவு, அடையாள அட்டை யார் கையில் என்று எழுத வேண்டும். மாதம் ஒருமுறை அவரோடு நேரே பேச வேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை வேலைக்கு அனுப்பப்பட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

அன்று கங்காணியின் கணக்குப் புத்தகம் நம்மைக் கட்டி வைத்தது. இன்று நமது பிள்ளைகளைக் காக்க நாமே ஒரு கணக்கு வைப்போம். அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே தொடங்குவோம்.