புல்மேடும் ஆறாம் மாடியும்

1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டபோது, வெடிச்சத்தம் சாலையோரப் புல்மேட்டிலிருந்து வந்ததாகப் பலர் சொன்னார்கள். அருகிலிருந்த பள்ளிப் புத்தகக் கிடங்கிலிருந்து என்றார்கள் வேறு பலர். அத்தனை பேருமா பொய் சொல்வார்கள் என்று கொலைக்குப் பின்னால் சதி இருந்தது என்போர் கேட்கிறார்கள். பொய்யே தேவையில்லை, கட்டடங்கள் சூழ்ந்த சதுக்கத்தில் எதிரொலியே காதை ஏமாற்றிவிடும். ஆண்டுக்கு ஆண்டு விவரம் கூடிக்கொண்டே போகும் வாக்குமூலத்தை நம்புவது இன்னும் கடினம்.

அதற்காக, கொலையை விசாரித்து ஆஸ்வால்ட் தனியாகச் சுட்டதாக முடிவு செய்த வாரன் ஆணையத்துக்கு உகந்த சாட்சிக்கு மட்டும் சலுகை காட்ட முடியாது. கிடங்கின் ஆறாம் மாடி ஜன்னலில் ஆளைப் பார்த்ததாகச் சொன்ன ஹோவர்ட் பிரென்னன், அன்று மாலை அடையாள அணிவகுப்பில் ஆஸ்வால்டை உறுதியாகக் காட்டவில்லை. உறுதி பிறகுதான் வந்தது. அவரைத் தள்ளிவைத்தாலும், ஜன்னலோரம் கிடந்த 3 தோட்டா உறைகளும், அதே மாடியில் பெட்டிகளுக்கிடையே செருகியிருந்த துப்பாக்கியும், அதை ஆஸ்வால்ட் அஞ்சலில் வரவழைத்த ஆவணமும் மிஞ்சுகின்றன. புல்மேட்டிலிருந்து அப்படி ஓர் உறைகூடக் கிடைக்கவில்லை.