தடியடியால் நோய் தணியுமா?

நோய் கொடியது. அதனைத் தடுக்க ஊர் சில நாள் தன்னைத் தானே அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் உண்மை. இவ்விரண்டையும் மறுப்பவர் அறிவியலையும் அறியார், அறத்தையும் அறியார். ஆனால், அடங்குதல் வேறு, அடக்கப்படுதல் வேறு. முன்னது அறிவின் வினை. பின்னது அச்சத்தின் விளைவு. அறிந்து அடங்கியவன் யாரும் பாராத இடத்திலும் முகவுறை அணிவான். அஞ்சி அடங்கியவனோ, காவலன் தலை மறைந்ததும் அதனைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணிப்பான். கொரோனா என்னும் மகுடைத் தொற்று நம் நாட்டை உலுக்கிய 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் நாம் கற்றிருக்க வேண்டிய தலையாய படிப்பினை இதுவே. ஆட்சியாளர் இதனைக் கற்றதாகத் தெரியவில்லை. மக்களாகிய நாமும் முழுதாகக் கற்றோமில்லை.

'நோய்தான் போய்விட்டதே, பழைய புண்ணைக் கிளறுவானேன்?' எனச் சிலர் வினவலாம். நோய் போகலாம், நோயை முன்னிறுத்தி மக்களை அடித்த கை அப்படியே இருக்கின்றது. அந்தக் கைக்கு உரிமை தந்த சட்டமும் இருக்கின்றது. நாளை மற்றொரு கொள்ளைநோய் வாராது என்று உறுதி சொல்ல எவருமிலர். வருமுன் பேசாமல், வந்தபின் பேசிப் பயனென்ன?

அச்சட்டத்தின் பிறப்பை முதலில் பார்ப்போம். 1896-இல் பம்பாயில் பிளேக்கு என்னும் கொள்ளைநோய் புகுந்தது. வெள்ளையராட்சி 1897 பிப்பிரவரித் திங்களில் கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. இயற்றியபோது அதற்கு நான்கே பிரிவுகள். முதற்பிரிவு பெயரைச் சொல்லும். இரண்டாம் பிரிவு, அரசு தேவையெனக் கருதும் எக்கட்டளையையும் இடலாம் என்னும். மூன்றாம் பிரிவு, மீறியவரை ஒறுக்கும். நான்காம் பிரிவு, நன்னோக்கில் செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்காக எவர்மீதும் வழக்கிடவியலாது என்று காக்கும். மக்களுக்கு அரசு செய்ய வேண்டிய கடமை யாது என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. நோயாளிக்கு உணவுண்டா, மருந்துண்டா, வேலையிழந்தவனுக்குக் கூலியுண்டா என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை. ஆள்வோனுக்கு உரிமை மட்டும், ஆளப்படுவோனுக்குக் கடமை மட்டும் என்று எழுதப்பட்ட அடிமைச் சட்டம் அது.

அதன் விளைவு புனே நகரில் வெளிப்பட்டது. இரேண்டு என்னும் வெள்ளை அலுவலரின் தலைமையில் படையினர் வீடு வீடாகப் புகுந்து ஆய்ந்தனர். அடுக்களையென்றும் படுக்கையறையென்றும் பாராமல் நுழைந்தனர். மக்கள் நோயை விடவும் அந்தப் படையினருக்கே அஞ்சினர், நோயாளிகளை ஒளித்தனர், ஊரைவிட்டு ஓடினர். ஓடியவர்களோடு நோயும் ஓடியது. 1897 சூன் 22-ஆம் நாளிரவு சாபேக்கர் உடன்பிறந்தார் இரேண்டைச் சுட்டனர். சில நாள்களில் அவர் இறந்தார். அதன்பின், வன்முறையால் நோயை அடக்கவியலாது என்று உணர்ந்த வெள்ளையராட்சியே படிப்படியாகக் கெடுபிடியைத் தளர்த்தி, ஊராரின் இசைவைத் தேடும் வழிக்கு வந்தது. வெள்ளையன் சில ஆண்டுகளில் கற்றதை, நம்மவர் 123 ஆண்டுகள் கழித்தும் கற்கவில்லை. அந்தச் சட்டத்தையே 2020 மார்ச்சில் தூசி தட்டி எடுத்தனர்.

2020 மார்ச்சு 24-ஆம் நாள் இரவு 8 மணிக்குத் தலைமை அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றினார். நள்ளிரவு முதல் 21 நாளுக்கு நாடே முடங்கும் என்று இந்தியில் அறிவித்தார். நூற்று முப்பது கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்குத் தரப்பட்ட பொழுது நான்கு மணி நேரம். அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவன் நான்கு மணி நேரத்தில் 21 நாளுக்கான அரிசியை எங்கே வாங்குவான்? வாங்கப் பணம் ஏது? ஊர்விட்டு ஊர்போய்ப் பிழைத்த தொழிலாளர் குழந்தைகளைத் தோளில் சுமந்து நெடுஞ்சாலைகளில் நடந்தனர். அவ்வாறு நடந்து களைத்துத் தண்டவாளத்தில் உறங்கிய 16 தொழிலாளர், 2020 மே 8-ஆம் நாள் விடியலில் மகாராட்டிரத்தின் ஔரங்காபாத்து அருகே சரக்குத் தொடர்வண்டி ஏறி மாண்டனர். அவர்கள் ஊரடங்கை மீறியவர்களா? ஊரடங்கு அவர்களின் உயிரை மீறியது என்பதே உண்மை.

கட்டளையின் மொழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உயிர்காக்கும் அறிவிப்பு மக்கள் நாவில் புழங்கும் சொல்லில் இருக்க வேண்டாவா? லாக்டவுன், குவாரண்டைன், கண்டெயின்மெண்ட் சோன், இ-பாஸ் என்று அயற்சொற்கள் அறிவிப்புப் பலகைகளில் பெருகின. பொருள் விளங்காத கட்டளையை எங்ஙனம் உளமார மேற்கொள்வது? தமிழில் பெயர்த்த இடத்திலும் 'சமூக விலகல்' என்று பெயர்த்தனர். பல நூற்றாண்டுகளாகச் சாதியின் பெயரால் மாந்தனை மாந்தன் விலக்கிவைத்த நாட்டில், அந்தச் சொல் எத்துணைக் கொடிய சொல்! வேண்டியிருந்தது உடல்களுக்கிடையே சிறிது இடைவெளி, உறவுகளுக்கிடையே விலகலன்று. உலக நலவாழ்வு நிறுவனமே அந்த மார்ச்சுத் திங்களிலேயே 'உடல் இடைவெளி' என்று சொல்லத் தொடங்கிவிட்டது. சொல் பிழைத்தால் பொருள் பிழைக்கும். பொருள் பிழைத்தால் செயலும் பிழைக்கும்.

திடீரென இடும் கட்டளை நோயைத் தடுப்பதற்கு மாறாக வளர்க்கவும் செய்யும் என்பதற்குக் கோயம்பேடே சான்று. 2020 ஏப்பிரல் 26 முதல் நான்கு நாள் சென்னையில் முழு முடக்கம் என்று 24-ஆம் நாள் அறிவித்தனர். இடையில் இருந்தது ஒரே ஒரு பகல். அந்தப் பகலில் கோயம்பேட்டுச் சந்தையில் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். மே 5-ஆம் நாள் சந்தை மூடப்பட்டபொழுது, அங்கிருந்து காய்கறியோடு நோயும் பல மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. 'மக்களுக்கு ஒழுங்கில்லை' என்று அன்று ஏசாத வாயில்லை. நான்கு நாள் கடையில்லை என்றால் எந்தத் தாய்தான் காய்கறி வாங்க ஓடமாட்டாள்? கூட்டத்தைக் கூட்டியது அறிவிப்பு. பழி மட்டும் மக்களுக்கு!

இனி, வழக்குகளைப் பார்ப்போம். ஊரடங்கை மீறியதாகத் தமிழ்நாட்டில் மலைமலையாக வழக்குகள் பதியப்பட்டன. வண்டிகள் பறிக்கப்பட்டுக் காவல் நிலைய வாயில்களில் வெயிலிலும் மழையிலும் துருவேறின. அரசுக் கட்டளையை மீறுதல் பற்றியது அன்றைய தண்டச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு. அப்பிரிவின்கீழ்க் காவல்துறை தானே வழக்குப் பதியவியலாது, உரிய அலுவலர் நடுவரிடம் எழுத்து வழியாக முறையிட வேண்டும் என்று சென்னை உயர்முறைமன்றம் 2018-இலேயே தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு ஏட்டில் கிடந்தது. தடி தெருவில் நடந்தது. இறுதியில் என்ன ஆயிற்று? 2021 பிப்பிரவரி 19-ஆம் நாள், தேர்தல் நெருங்கி வந்த வேளையில், அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிச்சாமி, வன்முறையும் இசைவுச்சீட்டு மோசடியும் நீங்கலாக, ஏறத்தாழ 10 இலக்கம் வழக்குகள் கைவிடப்படும் என்று அறிவித்தார். அவ்வழக்குகள் முறையானவையெனில் கைவிட்டது ஏன்? முறையற்றவையெனில் பதிந்தது ஏன்? நோயைத் தடுக்கப் போட்ட வழக்கு, வாக்கைப் பெறக் கைவிடப்பட்டதெனில், அது முதலிலிருந்தே நோய்க்கான வழக்கன்று.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதனை ஆட்சித்துறையின் குளறுபடி என்று விட்டிருக்கலாம். சாத்தான்குளத்தில் இரண்டு உயிர்கள் போயின. கைப்பேசிக் கடை நடத்திய செயராசு என்னும் வணிகரும், அவர் மகன் பென்னிக்சும், கடையை உரிய பொழுதுக்குமேல் திறந்து வைத்ததாகச் சொல்லி 2020 சூன் 19-ஆம் நாள் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டனர். மகன் சூன் 22-ஆம் நாளிரவும், தந்தை மறுநாள் விடியலிலும் இறந்தனர். அவர்கள் இரவு முழுவதும் அடிக்கப்பட்டதை, அந்நிலையத்திலேயே பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர் நடுவர்முன் துணிந்து சான்றுரைத்தார். நடுவண் புலனாய்வுத் துறை அந்தச் செப்டம்பரிலேயே காவலர் ஒன்பதின்மர் மீது கொலைக்குற்றம் சாற்றியது; இறந்தவர்கள் ஊரடங்கை மீறவேயில்லை என்றும் தன் குற்ற அறிக்கையில் சொன்னது. உயிரைக் காக்கவென்று போட்ட கட்டளையின் பெயரால் உயிர் பறிக்கப்பட்டது! 2021-இல் ஆட்சி மாறியது, தடி மாறவில்லை. அவ்வாண்டு சூனில் சேலம் மாவட்டத்து ஆய்வுச்சாவடி ஒன்றில் சிறுவணிகர் ஒருவர் காவலரால் நடுத்தெருவில் அடிக்கப்பட்டு மறுநாள் இறந்தார். ஆகவே இது ஒரு கட்சியின் குற்றமன்று. மக்களை நம்பாத ஆட்சிமுறையின் குற்றம்.

ஆட்சியாளரை மட்டும் பழித்து நம்மை நாமே தப்பவிட்டுக்கொள்வதும் முறையன்று. 2020 ஏப்பிரல் 19-ஆம் நாள் சென்னையில் சைமன் எர்க்குலிசு என்னும் நரம்பியல் அறுவை மருத்துவர் அத்தொற்றால் இறந்தார். அவருடலை அடக்கஞ்செய்யச் சென்றவர்களை ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கி விரட்டியது. உடன் பணியாற்றிய மருத்துவரே நள்ளிரவில் மண்ணைத் தள்ளி அவரைப் புதைக்க நேர்ந்தது. பிணத்தை முறைப்படி புதைத்தால் நோய் பரவாது என்னும் எளிய அறிவும் இல்லாமல், நமக்காக உயிர்விட்டவருக்கு ஆறடி மண்ணை மறுத்தோமே, இதனினும் பெரிய இழிவுண்டா? விருந்தோம்பலைப் பேசும் இனம் நாணித் தலைகுனிய வேண்டிய நாள் அது.

ஆயினும் அந்த அறியாமையை வளர்த்தவர் யார்? அதே ஏப்பிரலில் திருப்பூரில், முகவுறையணியாத இளைஞர்களைப் பிடித்து, நோயாளிபோல் நடித்த ஒருவரோடு மருத்துவ வண்டிக்குள் தள்ளி, அவர்கள் அலறுவதைக் காவல்துறையினரே படமெடுத்துப் பரப்பினர். நாடே கண்டு சிரித்தது. நோயாளியைப் பேயாகக் காட்டினால், காண்பவன் நோய்க்கா அஞ்சுவான்? நோயாளிக்கன்றோ அஞ்சுவான்! அச்சத்தை விதைத்துவிட்டு அன்பை அறுவடை செய்யவியலாது.

ஆள்வோர் தாமே பேணாத கட்டுப்பாட்டை ஆளப்படுவோர் பேணார் என்பதும் வெளிப்படை. கோயிலும் பள்ளியும் பூட்டிக் கிடந்த 2020 மே 7-ஆம் நாள், சென்னைக்கு வெளியே அரசின் சாராயக் கடைகள் திறந்தன. மறுநாள் உயர்முறைமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்சமுறைமன்றம் வரை சென்று தடை பெற்று, 16-ஆம் நாள் மீண்டும் திறந்தது. 2021-இல் இரண்டாம் அலை எழுந்துவந்த வேளையில் கட்சிகளெல்லாம் ஆயிரமாயிரவரைத் திரட்டித் தேர்தல் கூட்டம் நடத்தின. அவ்வலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு என்று சென்னை உயர்முறைமன்றத் தலைமை நடுவர் அவ்வாண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள் கடுஞ்சொல் சொன்னார். முகவுறையணியாத கூலிக்காரனுக்கு 200 உருபா தண்டம். கூட்டம் கூட்டிய தலைவருக்கு மாலை! இந்த ஓரவஞ்சனையைக் கண்ட மக்கள், 'நோய் உண்மையானால் இவர்கள் இப்படி நடப்பார்களா?' என்று ஐயுற்றதில் வியப்பென்ன?

அப்படியானால் நோயைத் தடுத்தது எது? தடியன்று, வீடுவீடாக வெயிலில் நடந்து காய்ச்சல் உண்டா என்று கேட்ட பெண்களின் கால்கள். சென்னைத் தெருக்களில் நடந்த காய்ச்சல் முகாம்கள். பங்கீட்டு அட்டைக்குத் தரப்பட்ட அரிசியும் 1000 உருபாவும். பம்பாயின் தாராவியை நோக்குக. இரண்டரைச் சதுரக் கிலோமீட்டருக்குள் பல இலக்கம் மக்கள், அவருள் நம் தமிழரும் மிகப் பலர், நெருங்கி வாழும் இடம் அது. ஒரே கழிப்பிடத்தைப் பற்பல குடும்பங்கள் பயன்படுத்தும் இடத்தில் வீட்டுக்குள் அடைந்திரு என்னும் கட்டளைக்குப் பொருளேயில்லை. ஆகவே அங்கு மருத்துவர்கள் தெருவுக்கே சென்றனர், நோயாளியைத் தேடிக் கண்டனர், தனியிடமும் உணவும் தந்தனர், தொண்டமைப்புகளைத் துணைக்கொண்டனர். 2020 சூலையில் உலக நலவாழ்வு நிறுவனமே அதனை எடுத்துக்காட்டாகச் சொன்னது. வயிற்றுக்கு வழிசெய்து அடங்கச் சொன்னால் ஏழையும் அடங்குவான்.

திருவள்ளுவர் கொடுங்கோன்மையைக் கண்டித்த பின்னும் அமையாமல், 'வெருவந்த செய்யாமை' என அடுத்தே தனி அதிகாரம் வகுத்தார். குடிகள் அஞ்சும்படி நடப்பதே ஆட்சிக்குக் கேடு என்பது அவர் கருத்து. அதனினும் சிறந்த நலவாழ்வுக் கொள்கை வேறில்லை.

எனவே நாம் வலியுறுத்துவன இவை. 1897-ஆம் ஆண்டின் சட்டம் போதாதென்று 2024-இல் இந்தியச் சட்ட ஆணையமே அறிக்கை தந்துள்ளது. அதன் இடத்தில் வரும் எச்சட்டமும் அரசின் கடமைகளை முதலிலும் மக்களின் கடமைகளைப் பின்னும் எழுத வேண்டும். முடக்கத்துக்கு முன் உணவும் கூலியீடும் உறுதியாக்கப்பட வேண்டும். அறிவிப்புகள் அந்தந்த மக்களின் மொழியில், போதிய முன்னறிவிப்போடு வர வேண்டும். கட்டுப்பாட்டை நடத்துவோர் நலவாழ்வுப் பணியாளராக இருக்க வேண்டும். காவலர் அவர்க்குத் துணையாக மட்டும் நிற்க வேண்டும். மீறியவன்மீது கைவைக்க எவருக்கும் உரிமையில்லை என்பது சட்டத்தில் வெளிப்படையாகப் பொறிக்கப்பட வேண்டும்.

தமிழர்களே! நமக்கும் ஒரு கடமையுண்டு. அடுத்தவன் உயிரைக் காக்கும் கட்டுப்பாட்டைக் காவலனுக்காக மேற்கொள்ளாதீர். அடுத்த வீட்டு முதியவளுக்காக மேற்கொள்ளுங்கள். கேள்வி கேட்டுக் கொண்டே அடங்குங்கள். அடங்கிக் கொண்டே கேள்வி கேளுங்கள். இவ்விரண்டும் தெரிந்த மக்களை எந்த நோயும் எளிதில் வீழ்த்தாது. எந்தத் தடியும் அடிமையாக்காது!