வெள்ளைக்காரன் வைக்காத பெயர்

ஆகஸ்ட் 22 நெருங்கினால் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். 'மெட்ராஸ் டே' கொண்டாட ஒரு கூட்டம் பழைய தெருக்களில் நடைபயணம் கிளம்பும். 'வெள்ளைக்காரன் வைத்த அடிமைப் பெயருக்குப் பிறந்தநாளா?' என்று இன்னொரு கூட்டம் பொங்கும். மெட்ராஸ் ஆங்கிலப் பெயர், சென்னை தூய தமிழ்ப் பெயர், 1996-இல் அதை மீட்டோம் என்பது இந்த இரண்டாம் கூட்டத்தின் வேதவாக்கு. பட்டிமன்ற மேடை முதல் ஆட்டோ ஸ்டாண்டு வரை இதை மறுத்துப் பேசுபவர் குறைவு. இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. மூன்றும் தப்பு.

முதலில் மெட்ராஸ். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கோட்டை கட்ட இடம் தேடி இந்தக் கடற்கரைக்கு வந்தார். அப்போது இந்தப் பகுதி விஜயநகர அரசருக்கு அடங்கிய வந்தவாசி நாயக்கர் தாமர்ல வெங்கடாத்ரியின் கையில் இருந்தது. அவர் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த சாசனத்திலேயே துறைமுகத்தின் பெயர் மதராசபட்டணம்தான். இடம் கேட்டு வந்தவன், கொடுத்தவன் சொன்ன பெயரை எழுதிக்கொண்டான், அவ்வளவுதான். கிருஷ்ணகிரி மாவட்டம் பெண்ணேசுவரமடத்தில் 1367-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, கீழைக் கடற்கரைத் துறைகளோடு மாதரசன்பட்டணம் என்ற பெயரையும் சொல்கிறது. அது இந்த ஊர்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

பெயரின் வேர் எது என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. மாதரசன் என்ற தலைவன் பெயர் என்பார் ஒருவர். மதரஸா என்பார் இன்னொருவர். மதெய்ரோஸ் என்ற போர்த்துகீசியக் குடும்பத்தைக் காட்டுவார் மூன்றாமவர். இந்த வரிசையில் இங்கிலாந்துக்காரன் எங்கேயும் இல்லை. 'பட்டணம்' என்ற வாலை நறுக்கிவிட்டு, மிச்சத்தைத் தன் வாய்க்கு வசதியாகச் சொன்னதுதான் அவன் செய்த வேலை.

அடுத்து சென்னை. வெங்கடாத்ரி நாயக்கரின் தந்தை சென்னப்ப நாயக்கர். அவர் பெயரால் அமைந்தது சென்னபட்டணம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். சென்னகேசவப் பெருமாளைச் சொல்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் 'சென்ன' என்பது தெலுங்கில் அழகைக் குறிக்கும் சொல். இதை விட்டுவிட்டு 'சென்னி' என்றும் 'செம்மை' என்றும் சொல்லை உடைத்துப் பொருள் காண்பது ஊசியில்லாமல் தைக்கிற சட்டை.

வேடிக்கை என்னவென்றால், மதராசபட்டணம் கோட்டைக்கு முன்பே இருந்த ஊர். சென்னபட்டணம் கோட்டையை ஒட்டி வளர்ந்த புது ஊர் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. வெள்ளைக்காரன் வந்ததால் பிறந்த பெயர் எது என்று கேட்டால், விரல் சென்னையைத்தான் காட்டவேண்டும்.

இதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. தனி ஆந்திரம் கேட்டு 1952-இல் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டது இந்த ஊரில்தான். அந்தக் காலத்தில் தெலுங்கர்கள் எழுப்பிய முழக்கம் 'மதராஸ் மனதே', அதாவது மதராஸ் நமதே. தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்று எதிர்நின்றார் ம.பொ.சி. மதராஸ் என்று கேட்டவர்கள் தெலுங்கர்கள். தெலுங்கு வேருள்ள பெயரை நாளெல்லாம் சொல்லிக்கொண்டு ஊரைத் தக்கவைத்தவர்கள் தமிழர்கள். பெயருக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு யாரும் போராடவில்லை. ஊர்தான் வேண்டியிருந்தது.

மூன்றாவது, 1996 'மீட்பு'. தொலைந்தால்தானே மீட்பதற்கு? வள்ளலார் கந்தகோட்டத்து முருகனைப் பாடியபோதே இந்த ஊர் தமிழில் சென்னைதான். சென்னை ராஜதானி, சென்னை மாகாணம், சென்னைப் பல்கலைக்கழகம் என்று நம் பத்திரிகைகளும் பாட்டன்மாரும் எழுதிவந்தார்கள். வடாற்காட்டுக் கிராமத்தில் 'பட்டணம் போறேன்' என்றால் போதும், பஸ் எங்கே போகிறது என்று தெரியும். 1996-இல் மாறியது ஆங்கிலத்தில் எழுதும் பெயர் மட்டும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இருந்ததை ஒன்றாக்கியது நியாயமே. அதை நான் குறை சொல்லவில்லை. அதற்குச் சொல்லும் கதைதான் பொய்.

அந்த மாற்றமும் அரைகுறைதான். சென்ட்ரலுக்கு ரயில் டிக்கெட் எடுத்துப் பாருங்கள்: நிலையத்தின் குறியீடு இன்றும் எம்.ஏ.எஸ். விமானப் பெட்டியில் ஒட்டும் சீட்டில் எம்.ஏ.ஏ. உயர்நீதிமன்றமும், 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகமும், ஐ.ஐ.டி.யும் ஆங்கிலத்தில் இன்னும் மெட்ராஸ்தான். வானம் இடிந்து விழவில்லை.

பொய்யான வெற்றியைக் கொண்டாடுவதில் ஒரு நட்டம் உண்டு: மெய்யான வேலை நின்றுபோகிறது. வெள்ளைக்காரன் நாக்கில் உண்மையிலேயே நசுங்கிய பெயர்கள் இதே நகரத்தில் இருக்கின்றன. பல்லவர் காலக் கல்வெட்டு உள்ள கோயிலைக் கொண்ட திருவல்லிக்கேணி, ஆங்கிலப் பலகையில் 'டிரிப்ளிகேன்'. எழும்பூர் 'எக்மோர்'. இவற்றைச் சரிசெய்ய 2020 ஜூனில் அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல் கேலிக்கு உள்ளாக, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அடிமைப் பெயர் என்று ஆகஸ்டில் கொதிப்பவர்கள் 'டிரிப்ளிகேன்' பலகையின் கீழே நின்றுதான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பிறந்து வளர்ந்தவர் 'நான் மெட்ராஸ்காரன்' என்று சொல்லும்போது அதில் ஆங்கிலேய விசுவாசம் இல்லை. அது கோட்டைக்கு முன்பே அந்தக் கடற்கரையில் வழங்கிய பெயர். அவரை அடிமை என்று அழைக்கும் முன், 1639 சாசனத்தில் அந்தப் பெயரை எழுதியது யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொடுத்தவர் சென்னப்பரின் மகன்.