சுவர் எழும்பும் முன் எரிந்ததையும் கணக்கில் எடுங்கள்
பசுமை மதிப்பெண் வரைவு குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

புதிய கட்டடங்களுக்கான பசுமை மதிப்பெண் வரைவு கருத்துக் கேட்புக்கு வந்திருக்கிறது. முந்தைய சுற்றுகளில் நாம் கருத்துகள் எழுதிக் கொடுத்தோம். அவற்றில் ஒன்றுகூட வரைவில் இல்லை.

குடிபுகுந்த பிறகு ஆகும் மின்செலவைக் குறைக்க வேண்டும் என்பதில் செயற்குழுவில் கருத்து வேறுபாடு இல்லை. வரைவோ அதை மட்டுமே அளக்கிறது. பொருள்களை உருவாக்கவும் கொண்டுவந்து சேர்க்கவும் செலவான ஆற்றலைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வெங்கடராம ரெட்டியும் ஜகதீஷும் 2003இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. கிலோவுக்கு அலுமினியம் ஏறக்குறைய 237 மெகாஜூல், கம்பி 42, கண்ணாடி 26. சூளைச் செங்கல் ஒன்றுக்கு 4.25. 6 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கல்லுக்கு 2.6 தான், அளவிலும் அது செங்கல்லைவிடப் பெரியது. ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஆகும் ஆற்றலில் 90 மண்கற்கள் செய்துவிடலாம். அப்படியிருந்தும், அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி போர்த்திய கட்டடம், ஏசி சிக்கனமாக ஓடுகிறது என்பதற்காக முழு மதிப்பெண் வாங்கும். மண்கல் வீட்டுக்குச் சுவருக்கென்று ஒரு புள்ளியும் இல்லை. மலையைக் குடைந்து பாக்சைட் எடுத்து, மின்சாரத்தைக் கொட்டி உருக்கியதெல்லாம் கட்டட வாசலில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாதுதான். மதிப்பெண் போடுபவருக்கும் தெரியக் கூடாதா?

ஆலைக்கு ஆலை இந்த எண்கள் மாறும் என்று உறுப்பினர்கள் சிலர் சுட்டிக்காட்டினர். ஏற்கிறோம். பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்க, புதிதாக எடுப்பதற்கு ஆவதில் 5 சதவீத அளவு ஆற்றலே போதும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் எண் மாறுகிறது என்பதற்காகச் சுழியம் போடுவது கணக்கல்ல, ஏமாற்று.

இப்போதைக்கு, பெரும்பான்மைக் கருத்தாக நாம் கேட்பவை:

1. முக்கியப் பொருள்கள் ஒவ்வொன்றின் உற்பத்தி ஆற்றலும் மதிப்பெண்ணில் சேர வேண்டும்.
2. லாரித் தூரம் கணக்கில் வர வேண்டும்.
3. நிற்கும் கட்டடத்தை இடித்துக் கட்டினால், மாற்றுக் கட்டடத்துக்கு ஆகும் ஆற்றலைக் காட்டிய பிறகே மதிப்பெண் தர வேண்டும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் படிப்படியாக நடைமுறைப்படுத்தலாம். முதலாவதற்குத் தவணை இல்லை. அது சேராத வரைவுக்குச் சங்கம் ஒப்புதல் தராது.

— செயற்குழு