பூத்தூவிய காலை

2019 டிசம்பர் 6, விடியும் நேரம். ஐதராபாத்தை அடுத்த ஷாத்நகர் அருகே, பெண் கால்நடை மருத்துவரை வன்புணர்ந்து கொன்ற வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. துப்பாக்கியைப் பறித்துத் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று விளக்கம் வந்தது. மக்கள் திரண்டு போலீசார் மீது பூத்தூவினார்கள். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. பாலியல் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும் நாட்டில் அது பொய்யான ஆத்திரம் அல்ல. ஆனால் அன்று காலை கைவிட்டுப் போனது என்ன என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் கேட்டது. போலீசார் சொன்ன கதையை நம்ப முடியாது, கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டிருக்கிறார்கள், பத்து பேர் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்று அதன் அறிக்கை சொன்னது. 2022 மே மாதம் அது வெளியானபோது தெருவில் கூட்டம் இல்லை.

இறந்த நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. இதை என்னால் கடந்துபோக முடியவில்லை. விசாரணை நடந்திருந்தால் முதலில் வயதைத்தான் பார்த்திருப்பார்கள். பிறகு சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, தடயங்களைச் சோதித்து, கொலை நடந்த இரவு நடந்தது என்ன என்று நீதிமன்றம் எழுதி வைத்திருக்கும். அந்தப் பெண்ணைக் கொன்றவர்கள் இவர்கள்தாம் என்று சொல்ல, இன்றுவரை எந்த நீதிமன்றத் தீர்ப்பும் இல்லை.