டாக்ஸால் யாரோட சொல்?

இன்னிக்கு எத்தனை தடவை 'டாக்ஸிக்'னு சொல்லியிருப்பீங்க? ரூம்மேட் டாக்ஸிக், லேப் டாக்ஸிக், போன செமஸ்டர் முழுக்கவே டாக்ஸிக். அந்தச் சொல்லுக்குள்ள ஒரு வில் ஒளிஞ்சிருக்கு. கிரேக்கத்தில் 'டொக்ஸான்' என்றால் வில். அம்பு முனையில் தடவும் நஞ்சுக்கு 'டொக்ஸிகான் ஃபார்மகான்', அதாவது வில்லுக்கான மருந்து என்று பெயர். 'மருந்து' காலப்போக்கில் உதிர்ந்துபோச்சு. வில்லைச் சொன்ன சொல்லே விஷம் ஆயிடுச்சு.

வில்லும் விஷமும் ஒரே மரத்தில் கிடைத்தால்? ஐரோப்பாவில் கிடைக்கும். யூ மரம். (ஆமா, உச்சரிப்பு அப்படித்தான். சிரிச்சு முடிச்சிட்டு வாங்க.) லத்தீனில் இதன் பெயர் 'டாக்ஸஸ்'. விஷத்தைக் குறிக்கும் 'டொக்ஸிகா' முன்பு 'டாக்ஸிகா'வாக இருந்ததாகவும், அது இந்த மரத்தின் பெயரிலிருந்து வந்ததாகவும் சிலர் சொல்வதை முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதி வைத்திருக்கிறார். இரண்டு சொல்லுக்கும் உறவு உண்டா என்று மொழியியலாளர்கள் இன்னும் வாதம் பண்ணிட்டுத்தான் இருக்காங்க. ஆனா மரம் விஷம் என்பதில் வாதமே இல்லை. சிவப்பான சதைப்பகுதி தவிர இலை, பட்டை, விதை எல்லாமே நஞ்சு. எபுரோன் இனக்குழுவின் அரசன் கட்டுவோல்கஸ் ரோமர்களிடம் தோற்றபோது யூ நஞ்சால்தான் உயிரை விட்டான் என்று சீசரே எழுதியிருக்கிறார்.

மரத்தைப் பற்றியும் சொல்லணும், ஏன்னா எஸ்.ஓ.எம். பேப்பரில் நாம முட்டி மோதுற விஷயம் இது. வில்லை வளைக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் இழுபடும், வில்லாளியைப் பார்க்கும் பக்கம் அமுங்கும். யூவின் வெளிர் நிற வெளிமரம் இழுவிசையைத் தாங்கும். செந்நிற வைரப்பகுதி அமுக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் பார்த்து வெட்டினால் பசையே இல்லாத காம்போசிட் ரெடி! 5,000 வருஷத்துக்கு முன்னாடி ஆல்ப்ஸ் மலையில் செத்துப்போன ஓட்ஸி கையிலும் முடிக்காத ஒரு யூ வில் இருந்தது. 1472-ல் இங்கிலாந்து, கப்பலில் வரும் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நாலு வில்கட்டை கொண்டு வரணும்னு சட்டமே போட்டது.

இப்படி வேட்டைக்காரன், சிப்பாய், வைத்தியன் என்று யார் யாரோ பேசிப் பேசி உருவான பெயர் அது. யாருக்கும் பட்டா கிடையாது.

இப்போ 1962-க்கு வாங்க. அமெரிக்க அரசின் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ பட்டையைச் சேகரித்தார். மன்ரோ வாலும், மகாராஷ்டிராவில் பிறந்த மன்சுக் வானியும் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 12 கிலோவுக்கு அரை கிராம். டாக்ஸஸிலிருந்து வந்ததாலும், ஆல்கஹால் வகை என்பதாலும் வால் அதற்கு 'டாக்ஸால்' என்று பெயர் வைத்தார். 1971-ல் அமைப்பு வெளியானது. 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் அது செல்லுக்குள் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டினார். எல்லாக் கட்டுரையிலும் அதே பெயர்.

1992-ல் கருப்பைப் புற்றுநோய் இல்லை, சினைப்பைப் புற்றுநோய்க்கான மருந்தாக (ரெண்டையும் நானே குழப்பிக்கிட்டு இருந்தேன்) அதற்கு அனுமதி கிடைத்தது. கூடவே 'டாக்ஸால்' பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப்பின் டிரேட்மார்க் ஆனது. இருபது வருஷத்துக்கு மேலா ஆராய்ச்சியாளர்கள் புழங்கிய பெயரை விட்டுவிட்டு, மருந்துக்குப் புதுசா 'பேக்ளிடாக்ஸெல்' என்று பொதுப்பெயர் வந்தது.

கம்பெனி பணம் போட்டுத்தானே மருந்தை ஆஸ்பத்திரி வரை கொண்டுவந்தது என்பீங்க. சரிதான், அதுக்கு லாபம் எடுக்கட்டும். ஆனா புதுசா ஒரு பிராண்ட் பெயர் யோசிக்க எவ்வளவு செலவாகியிருக்கும்? பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்து, எல்லாருக்கும் பழகிப்போன சொல்லைத்தான் எடுக்கணுமா? மருந்துக்குக் காப்புரிமை தீர்ந்துபோகும். டிரேட்மார்க்கைப் புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். ஐ.பி.ஆர். வகுப்பில் இந்த ரெண்டையும் தனித்தனி யூனிட்டா மனப்பாடம் பண்ணினேன். ஒண்ணு முடியும் இடத்தில் இன்னொண்ணு காவல் நிக்கும்னு அப்போ எனக்குத் தோணவே இல்லை.

அந்தப் புதுப் பெயரை மறுபடி ஒருமுறை படிங்க. பேக்ளி-டாக்ஸ்-எல். யூ மரம் அதுக்குள்ளயும் உட்கார்ந்திருக்கு.