இரவில் வேலை ஏவும் பொறி

சின்னக்கானலிலும் சூரியநெல்லியிலும் வாழும் நம் குடும்பத்தாருக்குத் தேயிலைத் தொழிற்சாலையின் ஒழுங்கை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொழுந்தை நிறுத்த பின்னரே வாட்டுதல். வாடிய பின்னரே உருட்டுதல். அதன்பின் நொதித்தல், உலர்த்தல், சலித்தல். முன்னது முடியுமுன் பின்னதைத் தொடங்கின் சரக்குக் கெட்டுவிடும்.

நம் கூலிப் பணம் வந்து சேரும் வங்கிகளிலும் இத்தகைய ஒழுங்கு ஒன்று உண்டு. பகலில் நிகழ்ந்த வரவு செலவுகளை இரவில் திரட்ட வேண்டும். பின்னர்க் கணக்குகளில் பதிய வேண்டும். அதற்குப் பின்னரே வட்டி கணக்கிடலும் அறிக்கை ஆக்கலும். ஆயிரக்கணக்கான இவ்வேலைகளை வரிசை பிறழாமல் ஏவுவதற்கென்றே ஒரு கணிப்பொறி அமைப்பு உளது. அதனை வேலைத் தன்னியக்க அமைப்பு எனலாம். அதன் கட்டமைப்பை இத்திங்கள் காண்போம்.

அதன் உறுப்புகள் மூன்று. முதலாவது தலைமைப் பொறி. எந்த வேலை எப்பொழுது தொடங்கும், எது எதற்காகக் காத்திருக்கும் என்னும் விவரங்களை வைத்துக்கொண்டு, அன்றாடத் திட்டத்தை வகுப்பது இதுவே. இரண்டாவது, ஒவ்வொரு கணிப்பொறியிலும் அமர்ந்திருக்கும் முகவர் நிரல். வேலையைத் தொடங்கி, முடிந்ததா, முறிந்ததா என்று தலைமைக்கு அறிவிக்கும். மூன்றாவது, பணியாளர் கண்காணிக்கும் காட்சிப் பலகை. ஒரு வேலை முறிந்தால், அதனை நம்பி நிற்கும் வேலைகள் நிறுத்தி வைக்கப்படும். தலைமைப் பொறியே பழுதுற்றால் அதன் இடத்தை ஏற்க மாற்றுப் பொறி ஒன்றும் ஆயத்தமாக நிற்கும்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் இத்தகைய அமைப்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. அன்றைய திட்டத்தின் படியொன்று முகவரிடமும் இருக்கும். மழையில் தொலைபேசிக் கம்பி அறுந்தாலும், அன்றைய வேலைப்பட்டியல் கையிலிருக்கும் மேற்பார்வையாளர் மலைமேல் கொழுந்தெடுப்பை நடத்துவாரன்றோ? அதுபோலத் தலைமையுடன் தொடர்பு அறுந்தாலும் முகவர் தன்னிடமுள்ள வேலையைத் தொடரும். தூத்துக்குடிப் பகுதியிற் பிறந்த சிவ நாடாரும் அவர்தம் தோழரும் 1976இல் தொடங்கிய எச்.சி.எல். நிறுவனம், 2016இல் ஐ.பி.எம்முடன் செய்துகொண்ட உடன்பாட்டினால் இவ்வமைப்பை வளர்க்கும் பொறுப்பை ஏற்றது.

இப்பொறி தவறினால் விளைவது யாது? 2012 ஜூன் 17 அன்று பிரிட்டனில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தார் வேலை ஏவும் மென்பொருளைப் புதுப்பித்தனர். கோளாறு தென்படவே, விளைவைச் சோதியாமல் புதியதை அகற்றினர். பழையதும் புதியதும் பொருந்தாமையால் வேலை வரிசை குலைந்தது. 65 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் இன்னலுற்றனர். சம்பளம் பலருக்கு உரிய நாளில் வரவாகவில்லை. அல்ஸ்டர் வங்கியில் இடர் ஜூலை வரை நீண்டது. 2014 நவம்பரில் அவ்வங்கிகளுக்கு 5 கோடியே 60 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. கணக்கிடும் நிரல்கள் கெட்டதனால் வந்த கேடன்று இது. அவற்றை வரிசைப்படுத்தி ஏவும் பொறி கெட்டதனால் வந்த கேடு.

ஆதலின், பணம் வரத் தாமதித்தால் தொலைந்தது என்று அஞ்சற்க. நம் நாட்டின் நெஃப்ட் முறை 2019 டிசம்பர் 16 முதல் எந்நாளும் இரவு பகலாக, அரைமணிக்கொரு தொகுதியாக நடைபெறுகின்றது. தொகுதி தீர்ந்த 2 மணி நேரத்துக்குள் பெறுநர் கணக்கில் வரவு வைத்தல் வேண்டும். இயலாதேல் அனுப்பியவருக்கே திருப்புதல் வேண்டும். தவறினால் வங்கி வட்டியும் தருதல் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பணம் அனுப்பும்போது தரப்படும் யு.டி.ஆர். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவ்வெண்ணைக் கூறிக் கேட்டால் பணம் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதை வங்கியார் தேடிச் சொல்ல இயலும். ஊரிலிருக்கும் முதியோருக்குத் திங்கள்தோறும் பணம் அனுப்புவோர் இதனை மறவாதிருப்பாராக.